உப்பளத்திலிருந்து துறைமுகம் வரை, அண்ணிக்குப் பின்னால்

எங்கள் வீட்டு வாசலிலிருந்து தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு நேராக நடந்தால் நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். நின்று நின்று, பார்த்துப் பார்த்து நடந்தால் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தை நான் ஒரு வருடம் உட்கார்ந்து உருவாக்கினேன். என் அண்ணி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். நில அளவை செய்யும் ஒரு சிறிய அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களுடைய மனைகளின் நீள அகலங்களைத் திரையில் கோடாக்குவது வேலை. ஏழாவது நாள் எனக்கென்று ஒரு வரைபடம் வேண்டும் என்று தோன்றியபோதுதான் இந்த நடை ஆரம்பித்தது.

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடற்கரைச் சாலையையும் மஞ்சள் சுவர்களையும் காகிதப் பூக்களையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தெற்கே உப்பளம் பக்கம் யாரும் திரும்புவதில்லை. ஊருக்கு ஓர் ஆறு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அரியாங்குப்பத்து ஆறு எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடி, பழைய துறைமுகத்தை ஒட்டிக் கடலில் சேர்கிறது. இந்தக் கரையில் உப்புப் பாத்திகள் இருந்தன, கப்பல் சரக்கு இறங்கியது, எதிர்க்கரை அரிக்கமேட்டில் ரோமாபுரிக்காரர்களோடு வியாபாரம் நடந்தது. இதையெல்லாம் நூலகத்தில் படித்து, வயதானவர்களிடம் கேட்டு, நேரில் போய்ச் சரிபார்த்து, பதினோரு இடங்களைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அட்டை. அட்டையில் நான்கு பகுதி: என்ன இருந்தது, என்ன இருக்கிறது, எங்கே நிற்க வேண்டும், வெயில் எந்தப் பக்கம் விழும். நிழலைக்கூட விட்டுவைக்கவில்லை.

வரைபடத்தை இணையத்தில் போட்டு, கீழே என் கைபேசி எண்ணையும் போட்டேன். முதல் ஞாயிறு இரண்டு பேர் வந்தார்கள், அடுத்த மாதம் ஐந்து பேர். கேட்டார்கள், தலையாட்டினார்கள், நன்றி சொன்னார்கள். ஒருவர் மட்டும் துறைமுகத்தில் கொட்டாவி விட்டார். அதையும் குறித்துக்கொண்டேன்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வடக்கே பிள்ளைச்சாவடிக்காரர், மீனவக் குடும்பம். என் அண்ணன் படகு எஞ்சின் மெக்கானிக். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்க வந்த பெண்ணைப் பார்த்து, மூன்று வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, பிறகு கல்யாணம் செய்துகொண்டான். நாங்கள் மில் தொழிலாளிக் குடும்பம். அப்பா தறிப் பிரிவில் இருந்தவர், மில் மூடும்வரை. எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேச மாட்டோம். அண்ணி வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களோடு பேச ஆரம்பித்தார்கள். தெருவில் எங்களுக்கு இருபது வருடமாகத் தெரியாத செய்திகள் அவருக்கு இரண்டு மாதத்தில் தெரிந்திருந்தன.

ஒரு சனிக்கிழமை இரவு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மறுநாள் வில்லியனூர் பக்கம் ஓர் அளவை வேலை, தள்ளிப்போட முடியாது என்றார்கள். நடைக்கு ஆறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அண்ணியிடம் அட்டைகளைக் கொடுத்தேன்.

“படிச்சுக் காட்டினா போதும் அண்ணி. வரிசை மாத்திடாதீங்க.”

“இவ்ளோவா? நீ என்ன கல்யாண மண்டபத்துல சீர்வரிசை தட்டா அடுக்கி வச்சிருக்க?” என்று சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அட்டைகள் சமையலறை மேடையில், நான் போட்ட ரப்பர் பேண்டு கழற்றப்படாமல் கிடந்தன. அதற்கடுத்த ஞாயிறு வந்த நால்வரில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் கேட்டார்: “அந்த இன்னொரு அக்கா வரலையா? என் தோழி சொல்லித்தான் வந்தேன்.”

அதற்குப் பிறகு அண்ணியும் என்னோடு வர ஆரம்பித்தார். சரியாகச் சொன்னால், நான் அண்ணியோடு போக ஆரம்பித்தேன். கூட்டம் அவரைச் சுற்றி நடக்கும். நான் பின்னால் நடப்பேன், யாரும் வழி தவறாமல் தலைகளை எண்ணிக்கொண்டு. அவர் சொல்லும் தவறுகளைக் கைபேசியில் குறித்துக்கொள்வேன். அந்தப் பட்டியல் இன்னமும் இருக்கிறது:

பழைய துறைமுகக் கிடங்கில் யானை இறக்கினார்கள். (இறக்கியது மூட்டைகள்.)

ரோமாபுரி ராணி அரிக்கமேட்டுக்கு வந்து, கருவாட்டுக் குழம்பு ருசியில் ஒரு மாதம் தங்கிவிட்டாள். (ஆதாரம் இல்லை. ராணியும் இல்லை.)

பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போனது உப்பாறு வாய்க்கால் கொசுக்கடி தாங்காமல். (இதற்கு நான் என்ன எழுதுவது?)

மூன்றாவதைச் சொன்னதும் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் ஊருக்குப் போய் யாரிடமாவது புதுச்சேரியைப் பற்றிச் சொன்னால் கொசுவைத்தான் சொல்வார்கள். உப்புப் பாத்திகள் எந்தத் திசையில் இருந்தன என்று நான் மூன்று பழைய வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கண்டுபிடித்தது ஒருவருக்கும் நினைவிருக்காது.

துறைமுகத்தில் இன்னும் மோசம். நான் தனியாகப் போனபோதெல்லாம் ஏலக் கொட்டகையில் இருந்த பெண்கள் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். ஒருமுறை அலுவலக வேலையாக முக்காலியும் கருவியுமாக அந்தப் பக்கம் நின்றிருக்கிறேன். அது போதும். “சர்வேக்காரி வந்துட்டாடீ. யாரு குடிசைய நவுத்தப் போறாளோ!” என்று என் காதுபடவே சொல்வார்கள். அண்ணி போனால் ஏலம் போடுகிறவர் கத்துவதை நிறுத்திவிட்டு வழிவிடுவார். விருந்தாளிகளின் உள்ளங்கையில் உயிர் நண்டை வைத்துக் கத்தவிடுவார்கள். கொட்டாவி விட யாருக்கும் நேரம் இருக்காது.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. என்னால் பொறுக்க முடியாமல் போனது அப்பா விஷயம்.

ஒரு ஞாயிறு அண்ணி என் வரிசையை மீறிக் கூட்டத்தை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். அப்பா பனியனோடு நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். “மாமா, அத காட்டுங்க மாமா,” என்றார் அண்ணி. எதை என்று நான் யோசிப்பதற்குள் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஒரு விரலை நெற்றியில் வைத்து இழுத்தார். இரண்டு கைகளையும் பின்னிப் பிரித்தார். கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் காட்டி, மூக்கைச் சுளித்தார்.

தறி ஓடும் சத்தத்தில் பேச்சு கேட்காதாம். தொழிலாளிகள் கையாலும் உதட்டாலும் பேசிக்கொள்வார்களாம். முதலாவது, மேஸ்திரி வருகிறான். இரண்டாவது, நூல் அறுந்துவிட்டது. மூன்றாவது, இன்று வீட்டில் சண்டை. கூட்டம் கைதட்டியது. அப்பா சிரித்தார். அவருடைய கீழ்ப்பல் ஒன்று விழுந்திருப்பதை நான் அன்றுதான் கவனித்தேன்.

இருபத்தாறு வருடம் அவரோடு இருக்கிறேன். என் நான்காவது அட்டையே அந்த மில்லைப் பற்றியதுதான். அதில் சங்கு ஊதும் நேரங்கள் இருந்தன, வாயில்களின் எண்ணிக்கை இருந்தது. இது இல்லை.

அன்று மதியம் கேட்டேன். “எனக்கு ஏம்ப்பா சொல்லல?”

“நீ கேக்கல.”

“அண்ணி கேட்டாங்களா?”

அப்பா யோசித்தார். “அவளும் கேக்கல. சோறு போட்டா. வாய்ல சோறு இருந்துச்சு, போதும்னு கையால காட்டுனேன். இதென்ன மாமா, புதுசா இருக்குன்னா. அப்புறம் ஒண்ணொண்ணா காட்டிக்கினே இருந்தேன்.”

நான் சோறு போடும்போதும் அவர் கையைத்தான் காட்டுவார். நான் கரண்டியை நிறுத்திவிட்டுப் போய்விடுவேன்.

இந்த நிலையில்தான் மதாமின் போன் வந்தது. கடற்கரையை ஒட்டிய பழைய வீடு ஒன்றில் சில அறைகளை விருந்தினர் விடுதியாக நடத்துகிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பம். பாதி வாழ்க்கையைப் பிரான்சில் கழித்துவிட்டுத் திரும்பியவர். அந்தத் தெருவில் காய்கறி விற்கிறவர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் மதாம்தான். தன் விருந்தினர்களை ஞாயிறுதோறும் ஆற்றங்கரைக்கு அழைத்துப்போக ஒரே ஒருவர் நிரந்தரமாக வேண்டும் என்றார். ஒவ்வோர் அறையிலும் ஓர் அட்டை வைப்பார்களாம். அதில் அழைத்துப்போகிறவரின் பெயரும் படமும் இருக்குமாம்.

“வர்ற ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். கூட ரெண்டு பேரு. பாத்துட்டு சொல்றேன்,” என்றார்.

அந்த அட்டையில் என் பெயர் வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. பதினோரு இடங்களையும் கண்டுபிடித்தவள் என்று யாராவது ஒரு காகிதத்தில் அச்சடித்துத் தர வேண்டும். அண்ணி வந்தால் மதாம் ஐந்தாவது நிமிடமே அண்ணியைத்தான் பார்ப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது அண்ணி அவசரமாகப் பையில் இரண்டு புடவைகளைத் திணித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

“எங்க ஊரு நாட்டார் தவறிட்டாரு,” என்றார். நாட்டார் என்றால் மீனவக் கிராமத்தின் தலைவர். ஊர் வழக்குகளைத் தீர்த்துவைக்கிறவர். “நாளைக்குத்தான் எடுக்கறாங்க. நான் போயிட்டு திங்கக்கெழம வந்துர்றேன். நாளைக்கு நடைக்கு ஆளு யாரும் வரல இல்ல?”

“இல்ல அண்ணி.”

“நிச்சயமா?”

“யாரும் இல்ல. நீங்க போயிட்டு வாங்க.”

அண்ணி ஆட்டோவில் ஏறிப் போனதும் எனக்குள் முதலில் வந்தது நிம்மதி. ஒரு சாவுச் செய்தியைக் கேட்டு நிம்மதி வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் வந்தது. உட்கார்ந்து மறுநாளுக்கான பட்டியலைச் சரிபார்த்தேன். வானிலை, சரி. கடல் ஏறி இறங்கும் ஓத நேரம், சரி. மீன்பிடித் தடைக்காலம் முடிந்துவிட்டது, சரி. தண்ணீர் பாட்டில், மூன்று. குடை, இரண்டு. அட்டைகள், பதினொன்று.

ஞாயிறு காலை ஆறரைக்கு மதாம் வந்தார். வெள்ளைச் சட்டை, வெயில் தொப்பி, கையில் விசிறி. கூடப் பாரிஸிலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதி. பழைய துறைமுகத்தில் ஆரம்பித்தேன். முகத்துவாரத்தில் மணல் ஏன் சேர்கிறது, தூர்வாராவிட்டால் படகுகள் ஏன் தரை தட்டுகின்றன என்று சொன்னேன். மதாம் அதைப் பிரெஞ்சில் சொல்ல, அந்தக் கணவர் கேள்வி கேட்டார். என்னிடம் விடை இருந்தது. உப்பளத்தில் வெள்ளைப் பாத்திகள் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகளும் சைக்கிள் கடையும் டியூஷன் பலகையும் இருப்பதைக் காட்டினேன். பழைய வரைபடத்தின் நகலைக் கையில் கொடுத்து, “இப்ப நீங்க நிக்கற எடம் இதோ இங்க,” என்று விரல் வைத்தேன். அந்த அம்மா தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அது எனக்குப் பிடித்தது.

வாய்க்கால் பாலத்தில் மதாம் என் தோளைத் தட்டினார். “நல்லா தெரிஞ்சு வச்சிருக்கியே பொண்ணே. சும்மா கதை உடறவங்களத்தான் இது வரைக்கும் பாத்தேன்.”

அந்த வார்த்தைகளை நான் அப்படியே வைத்திருக்கிறேன். பாலத்திலிருந்து துறைமுகம் வரை என் கால்கள் தரையில் பட்ட நினைவு இல்லை. அலையாத்திச் செடிகளின் வேர்கள் சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டியபோது அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. ஏழு இடங்கள் முடிந்திருந்தன. மீதி நான்கும் துறைமுகத்துக்குள்.

வாசலைத் தாண்டும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஐஸ் உடைக்கும் சத்தம் இல்லை. மீன் வண்டிகள் இல்லை. உள்ளே ஒரு வரிசை நீளத்துக்குப் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்டிருந்தன. சிலவற்றின் கம்பத்தில் கறுப்புத் துணி. ஏலக் கொட்டகைத் தரை கழுவிக் காய்ந்து வெளுத்திருந்தது. நடுவில் ஒரு நாய் கால்களை நீட்டிப் படுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஊரே மீன் வாங்க வரும் நேரத்தில்.

மதாம் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். எட்டு: ஏலம். எங்கே நிற்க வேண்டும்: கொட்டகையின் கிழக்குத் தூண்.

கொட்டகை ஓரத்தில் கருவாட்டுக் கூடைகளுக்கு மேல் சாக்கை இழுத்து மூடிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்தார். அண்ணி அவரைக் கருவாட்டு அக்கா என்பார்.

“யாரும்மா நீங்க? இன்னிக்கு ஒண்ணும் கெடையாது. நாட்டார் செத்துட்டாரு இல்ல, எந்த ஊர்க்காரனும் தொழிலுக்குப் போவல.” பிறகு கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். “ஏ, நீ மெக்கானிக்கு தங்கச்சி தான? சர்வேக்காரி? உங்க அண்ணி சொல்லல?”

மீனவக் கிராமத்தில் பெரிய நாட்டார் இறந்தால் சுற்றுப்பட்டுக் கிராமங்கள் எதுவும் அன்று கடலுக்குப் போகாது. மைக் கட்டிய ஆட்டோவில் குப்பம் குப்பமாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். மில்காரத் தெருவுக்கு அந்த ஆட்டோ வராது. ஆனால் என் வீட்டுக்குள்ளேயே, என் முகத்துக்கு நேராக அந்தச் செய்தி வந்திருந்தது. நாளைக்கு ஆள் வருகிறார்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால், போகாதே, துறைமுகம் மூடியிருக்கும் என்று அண்ணி சொல்லியிருப்பார். தடைக்காலம், ஓதம், வானிலை எல்லாம் பார்த்தவள், ஒரு மனிதர் செத்ததை என் வசதிக்கான செய்தியாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மூன்று பேரும் என் பதிலுக்காக நின்றார்கள்.

“இல்ல,” என்றேன். “அவங்க சொல்லல.”

சொன்ன குரல் நிதானமாக இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைத் தொந்தரவு செய்கிறது.

கருவாட்டு அக்கா நம்பவில்லை. “அவளாவது சொல்லாம இருக்கறதாவது! மழ வருதுன்னு மழைக்கே போன் பண்ணி சொல்றவ அவ. இரு.” இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்து, ஒரு விரலால் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். நான் கையை நீட்டித் தடுத்திருக்கலாம். அசையவில்லை.

முதலில் பறைச் சத்தம். பிறகு பெண்களின் ஒப்பாரி. பிறகு அண்ணியின் குரல், தொண்டை கட்டி. “சொல்லுக்கா.”

“ஏன்டி, இங்க உன் நாத்தனாரு வெள்ளக்காரவங்கள கூட்டிக்கினு வந்து முழிச்சிக்கினு நிக்குது. தொழிலு நிறுத்தம்னு நீ சொல்லலியாமே?”

பறை மட்டும் கேட்டது. மூன்று அடி, நான்கு அடி. அந்த இடைவெளியில் அண்ணி எல்லாவற்றையும் புரிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரியும்.

“ஆமாக்கா,” என்றார். “சாவு சேதி கேட்ட அவசரத்துல நான்தான் மறந்துட்டேன். எம் மேலதான் தப்பு. அந்தப் புள்ளய ஒண்ணும் சொல்லாத. யாரு வந்திருக்காங்க?”

மதாம் குனிந்து கைபேசியிடம் பேசினார். “நான் பீச் பக்கம் விடுதி நடத்தறேம்மா. துக்க வீட்டுல தொந்தரவு பண்றோம். மன்னிச்சிக்கோ.”

“ஐயோ, வணக்கம் மதாம். தொந்தரவு என்னா. நீங்க ஏலம் பாக்கலன்னா என்னா, யாரால கடலுக்கு லீவுன்னு தெரிஞ்சிக்கினு போங்க. எங்க நாட்டாரு ஊர்ல யாரு தப்பு பண்ணாலும் அபராதம் போடுவாரு. ஒரு நாளு பொண்டாட்டிய ஊரு முன்னாடி சும்மா கெடடீன்னு திட்டிட்டாரு. மறுநாளு பஞ்சாயத்தக் கூட்டி, அவருக்கு அவரே அபராதம் போட்டு, அவரே எழுந்து போயி கட்டிட்டு, திரும்பி வந்து அவரே உக்காந்து வாங்கிக்கினாரு. அந்தம்மா என்னா சொல்லுச்சு தெரியுமா? ரசீது குடுங்கன்னுச்சு.”

மதாம் சிரித்துவிட்டார். சாவு வீட்டோடு பேசும்போது சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்தி, பிறகு அந்தத் தம்பதிக்குப் பிரெஞ்சில் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். கணவர் தொப்பியைக் கழற்றிக் கட்டிக்கிடந்த படகுகளைப் பார்த்துத் தலை வணங்கினார். என் இரண்டு மணி நேரத்தில் யாரும் எதற்கும் தொப்பியைக் கழற்றவில்லை. இது உண்மையில் நடந்த கதையா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

“அக்கா, அவங்கள கருவாடு காயிற எடத்துக்குக் கூட்டிக்கினு போ. வாள மீன எப்படி கீறி உப்பு வக்கிறதுன்னு காட்டு. வெறுங்கையோட அனுப்பாத,” என்று சொல்லிவிட்டு அண்ணி அழுகிற பெண்களிடம் திரும்பிப் போனார்.

கருவாட்டு அக்கா அவர்களை அழைத்துப்போனார். நான் வழக்கம்போல் பின்னால் நடந்தேன். அக்கா ஒருமுறை திரும்பி, “நல்ல அண்ணி வாய்ச்சிருக்கா உனக்கு. கொடுத்து வச்சவ நீ,” என்றார். அவர் எதையும் மனதில் வைத்துச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்பது எனக்குத் தெரியவில்லை. அண்ணி என்னைத் திட்டியிருந்தால், அவ பொய் சொல்றா என்று அந்த ஸ்பீக்கரில் கத்தியிருந்தால், நான் அவரை வெறுத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அதற்கும் வழி விடவில்லை அவர். பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டார்.

திரும்பும்போது மதாம் பாலத்தில் நிற்கவில்லை. ஆட்டோவில் ஏறும் முன் கேட்டார்: “உங்க அண்ணி எப்ப வருவா?”

“திங்கக்கெழம,” என்றேன்.

திங்கள் மாலை அண்ணி வந்தார். சாவு வீட்டிலிருந்து வந்தவர் குளிக்காமல் உள்ளே வர மாட்டார் என்பதால் பின்கட்டில் தண்ணீர் எடுத்துவைத்துவிட்டு நின்றேன். அவர் தலைக்கு ஊற்றிக்கொண்டு, புடவையை மாற்றிக்கொண்டு, ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

“எதுக்கு பொய் சொன்ன?”

காரணங்களை வரிசையாகத் தயார்செய்து வைத்திருந்தேன். வெளியே வந்தது அதில் இல்லாத ஒன்று. “நீங்க வந்தா என்னய யாரும் பாக்கறதில்ல அண்ணி.”

“அதுக்கு நான் இன்னாடி பண்றது? வாய வெட்டிக்கவா?”

அவர் கோபமாகத்தான் கேட்டார். நான் காலிக் குடத்தை எடுத்து ஓரமாக வைத்தேன். “எங்க நாட்டாரு இருந்திருந்தா உனக்கு அபராதம் போட்டிருப்பாரு,” என்றார் அண்ணி. “எனக்கும் போட்டிருப்பாரு. சாவு வீட்ல நின்னுக்கினு பொய் சொன்னதுக்கு.” பிறகு பசிக்கிறது என்று உள்ளே போனார்.

அன்றே மதாமுக்குப் போன் செய்தேன். அண்ணி மறக்கவில்லை, நான்தான் ஆள் வருவதை அவரிடம் மறைத்தேன் என்று சொன்னேன். மூன்று வாக்கியங்கள். எழுதிவைத்துப் படித்தேன்.

“தெரியும்மா,” என்றார் மதாம். “எனக்கும் ஒரு நாத்தனாரு இருந்தா.” அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. “ஞாயித்துக்கெழம உங்க அண்ணிய வரச் சொல்லு. படம் எடுக்கணும். அந்த வரைபடத்த எனக்கு அனுப்பு, அட்டைக்குப் பின்பக்கம் போட்டுக்கறேன். அது ரொம்ப நல்லா இருக்கு.”

அட்டை அச்சாகி வந்தது. முன்பக்கம் அண்ணி, துறைமுகத்தில், காற்றில் பறக்கும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பெயர் பெரிய எழுத்தில். பின்பக்கம் என் வரைபடம், கீழே மூலையில் என் பெயர். என் பெயரும் இருக்க வேண்டும் என்று அண்ணிதான் மதாமிடம் சண்டை போட்டாராம். எழுத்தின் உயரத்தை அளந்து பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர். அண்ணியின் பெயர் ஒன்பது.

இப்போது ஞாயிறுதோறும் அண்ணி போகிறார். சில வாரம் நானும் போகிறேன், பெரும்பாலும் போவதில்லை. சனிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அவர் அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்கிறார். “அந்தக் கெடங்குல இன்னா எறக்குனாங்கன்னு இன்னொரு வாட்டி சொல்லு.” சொல்கிறேன். மூட்டைகள் என்கிறேன். மறுநாள் அவர் யானை என்றுதான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். மூட்டையைத் தூக்கிய யானை என்று சமரசத்துக்கு வந்திருப்பதாக அண்ணன் சொன்னான். புதிதாக எதைப் படித்தாலும் அவரிடம் சொல்கிறேன். அவர் என்னிடம் பொய் சொன்னதில்லை, நானும் அதற்குப் பிறகு அவரிடம் சொன்னதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. போன மாதம் ஓர் அளவை வேலையாகப் பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் புதருக்குள் போனேன். அளவுக்கோல் எதிலோ இடித்தது. செடியை விலக்கிப் பார்த்தால் தண்டவாளம். சரக்கு ரயில் கரைவரை வந்த காலத்துத் துண்டு, என் இரண்டு கை அகலத்துக்கு, துருவேறி, ஒரு முனை ஆற்றுப் பக்கம் திரும்பியிருந்தது. எந்தப் புத்தகத்திலும் அதைப் பார்த்ததில்லை. யாரும் அதைப் பற்றிச் சொன்னதில்லை. ஆணி அடித்த துளைகளை எண்ணினேன், நான்கு. கைபேசியை எடுத்தேன், படம் எடுக்கவில்லை, பையில் போட்டுக்கொண்டேன். செடியைப் பழையபடி இழுத்து மூடினேன்.

அண்ணிக்குத் தெரிந்தால் அங்கே ஒரு ராஜா ரயிலில் வந்து இறங்குவார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தப் புதர் மிதிபட்டு வழியாகிவிடும். என்றைக்காவது சொல்வேன். இந்த ஞாயிறு இல்லை.